கொறங்காட்டு மின்வேலி: அறுந்த கம்பியைக் கண்டறிந்து சீர்செய்யும் முறை

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் ஆடு வளர்ப்போர் இரவில் நிம்மதியாகத் தூங்கிப் பல நாட்களாகிவிட்டன. தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டியில் புகுந்து விடுகின்றன. பசிக்குத் தின்பதோடு அவை நிற்பதில்லை. ஆடுகள் மிரண்டு ஓட ஓட, துரத்தித் துரத்திக் கடிக்கின்றன. விடிந்து பார்த்தால் செத்தவை பாதி, குற்றுயிராகக் கிடப்பவை மீதி. 2024, 2025 ஆண்டுகளில் இப்பகுதி விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டுப் போராடியது பலருக்கும் நினைவிருக்கும்.

நாய்களுக்கு விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் சட்டப்படி குற்றமாகும். நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2023ஆம் ஆண்டு புதிதாக வெளியிடப்பட்டுள்ளன. அதன்படி கருத்தடை செய்து பெருக்கத்தைக் குறைப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. அந்தப் பலன் கைக்கு வரும்வரை ஆட்டைக் காப்பது வேலிதான்.

கொறங்காட்டின் கிளுவை வேலி நம் முன்னோர் கண்ட நல்ல வேலி. ஆனால் தொடர் வறட்சியில் பல இடங்களில் கிளுவை பட்டுப்போய்ச் சந்து விழுந்துவிட்டது. ஒரு முழச் சந்து போதும், நாய் நுழைந்துவிடும். எனவே சிலர் கிளுவைக்கு உட்புறமாகச் சூரிய மின்வேலி அமைத்துள்ளனர். இது நல்ல ஏற்பாடே. ஆனால் மின்வேலி போட்டவர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு. “போட்ட ஆறு மாதம் நன்றாக இருந்தது, பிறகு எங்கே கோளாறு என்றே தெரியவில்லை” என்பதே அது. கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மின்வேலி வேலை செய்யும் விதம்

சூரியத் தகடு பகலில் 12 வோல்ட் பாட்டரியைச் சார்ஜ் செய்கிறது. எனர்ஜைசர் என்னும் கருவி அந்த மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதற்கும் குறைவான நேரம் மட்டும் கம்பியில் அனுப்புகிறது. கம்பியைத் தொட்ட பிராணியின் உடல் வழியாக மின்சாரம் மண்ணில் இறங்கி, மண்ணில் அடித்துள்ள எர்த் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று முழுமையானால்தான் நாய்க்கு அடி விழும். கம்பி அறுந்தாலும் சுற்று முறியும். மண் காய்ந்தாலும் சுற்று முறியும்.

நமது செம்மண் சரளை நிலம் பங்குனி, சித்திரையில் எலும்புபோல் காய்ந்துவிடும். அப்போது மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இதற்காகவே இப்பகுதி வேலிகளில் ஒரு கம்பி மின்கம்பி, அடுத்தது எர்த் கம்பி என்று மாற்றி மாற்றிக் கட்டுவது நல்லது. நாய் தலையை நுழைக்கும்போது இரண்டையும் ஒருசேரத் தொடும். மண் எப்படியிருந்தாலும் அடி விழும். நாய்க்கான வேலியில் தரையிலிருந்து 6, 12, 18, 27, 36, 48 அங்குல உயரத்தில் ஆறு கம்பிகள் போடலாம். இவற்றில் 6, 18, 36 அங்குலக் கம்பிகள் மின்கம்பிகள். மற்ற மூன்றும் எர்த் கம்பிகள்.

நான்கு ஏக்கர் கொறங்காடு ஒன்றைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 417 அடி. சுற்றளவு ஏறக்குறைய 1,670 அடி. ஆறு கம்பி என்றால் மொத்தம் 10,000 அடிக் கம்பி. இதில் ஒரே ஓர் இடத்தில் அறுந்திருப்பதை வெறுங்கண்ணால் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். ஆகவே வேலியை அமைக்கும்போதே கோளாறு தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கமும் முடிவும் ஒரே தூணில்

பலர் வேலிக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே இணைத்து வளையமாக்கி விடுகின்றனர். இது தவறு. வளையத்தில் ஓரிடம் அறுந்தால் இருபுறத்திலிருந்தும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அறுந்தது தெரியாது. இரண்டாவது இடமும் அறுந்த பிறகுதான், நடுவில் ஒரு துண்டு வேலி செத்துக் கிடப்பது தெரியவரும். அதையும் நாய்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

கருவிக்கு அருகில் உள்ள மூலைத் தூணில் கம்பியைத் தொடங்கி, காட்டைச் சுற்றி வந்து, அதே தூணில் இணைக்காமல் முடிக்க வேண்டும். மூன்று மின்கம்பிகளையும் தொடக்கத்தில் மட்டும் ஒன்றாக இணைத்து, முடிவில் தனித்தனியாக விட்டுவிட வேண்டும். அப்போது ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு கம்பியின் கடைசி முனையையும் சோதித்துப் பார்க்கலாம். முனையில் வோல்ட் இருந்தால் அந்தக் கம்பி முழுவதும் நலம். மாலையில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இதற்கு மின்வேலி வோல்ட்மீட்டர் என்று தனிக் கருவி விற்கிறது. நியான் விளக்குகள் வரிசையாக எரியும் எளிய டெஸ்டரும் போதுமானது. வீட்டு மின்சாரத்தைச் சோதிக்கும் சாதாரண மல்ட்டிமீட்டரையோ டெஸ்டரையோ ஓடிக்கொண்டிருக்கும் மின்வேலியில் வைக்கக் கூடாது. மீட்டர் கெட்டுவிடும்; கைக்கும் அடி விழும்.

கடைசி முனையில் 5,000 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வேலி நன்றாக உள்ளது. 3,000 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பழகிய நாய் பொருட்படுத்தாமல் நுழைந்துவிடும்.

அறுந்ததா, கசிகிறதா?

வோல்ட் குறைந்திருந்தால் முதலில் இது எந்த வகைக் கோளாறு என்று பிரித்தறிய வேண்டும். வகைகள் இரண்டே. ஒன்று, கம்பி அறுந்திருக்கும். மற்றொன்று, கம்பி அறாமலே மின்சாரம் மண்ணில் கசிந்துகொண்டிருக்கும்.

தொடக்க முனையில் முழு வோல்ட்டும், கடைசி முனையில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் கம்பி அறுந்துள்ளது. தொடக்கம் முதல் முடிவு வரை எங்கும் குறைவாகவே காட்டினால் அது கசிவு. மின்கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே குறைவாகவும், மின்கம்பிக்கும் மண்ணில் குத்திய இரும்புக் கம்பிக்கும் இடையே நிறைவாகவும் காட்டினால் அறுந்தது எர்த் கம்பி என்று கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, கருவியையே சோதித்துவிட வேண்டும். வேலிக்குச் செல்லும் வயரைக் கழற்றிவிட்டுக் கருவியின் முனைகளில் மட்டும் அளந்து பார்க்கவும். அங்கேயே வோல்ட் இல்லையென்றால் வேலியைச் சுற்றுவதில் பயனில்லை. சூரியத் தகட்டில் தூசி படிந்திருக்கலாம். பாட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் வற்றியிருக்கலாம். முனைகளில் பச்சை பூத்திருக்கலாம். நிறைந்த 12 வோல்ட் பாட்டரி, சார்ஜ் நின்று சற்று நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும்.

பாதி பாதியாகக் குறுக்கும் முறை

கருவி நன்றாக இருந்து வேலியில் கசிவு இருந்தால் பாதி பாதியாகப் பிரித்துத் தேட வேண்டும். வேலியின் நடுவில் இணைப்பைக் கழற்றுங்கள். தொடக்கத்தில் வோல்ட் ஏறினால் கோளாறு கழற்றிய பாதியில் உள்ளது. ஏறவில்லையென்றால் கருவியை ஒட்டிய பாதியில் உள்ளது. அந்தப் பாதியை மறுபடியும் இரண்டாக்குங்கள். இப்படி 1,670 அடி வேலியை நான்கு முறை பிரித்தால் ஏறத்தாழ 105 அடிக்குள் கோளாறு அகப்பட்டுவிடும். அதைக் கண்ணால் தேடிவிடலாம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கட்-ஆப் ஸ்விட்ச் போட்டு வைத்தால், கம்பியைக் கழற்றாமலே இந்த வேலை முடியும்.

ஐப்பசி மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் மளமளவென்று வளர்ந்து 6 அங்குலக் கம்பியைத் தொட்டுவிடும். ஈரப் புல் ஒவ்வொன்றும் ஒரு சிறு கசிவு. ஆயிரம் புல் சேர்ந்தால் வேலி வலுவிழந்துவிடும். கீழ்க்கம்பிக்குத் தனி ஸ்விட்ச் வைத்துக்கொண்டால், புல்லை அறுக்கும்வரை அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றக் கம்பிகளைக் காப்பாற்றலாம். ஆனால் கீழ்க்கம்பி நின்றிருக்கும் இரவுகளில் வேலி முழு வேலியாகாது என்பதை மறக்கக் கூடாது.

கிளுவைக் கொப்பு கம்பியில் சாய்வதும் கசிவுதான். வேலிக்கும் கிளுவைக்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். கிளுவை மரத்திலேயே இன்சுலேட்டரை அடிப்பவர்களும் உண்டு. மரம் பருத்து இன்சுலேட்டரை விழுங்கிவிடும். கம்பி பட்டையில் பதிந்துவிடும். தனித் தூண் நடுவதே முறை. பழைய ரப்பர் குழாயை வெட்டி இன்சுலேட்டராக மாட்டுவதும் ஒரு கோடைக்கு மேல் நிற்பதில்லை. வெயிலில் வெடித்து, மார்கழிப் பனியில் கசியத் தொடங்கும். இருட்டிய பின் வேலியோரமாக நடந்தால் கசியும் இடத்தில் ‘டிக், டிக்’ என்ற ஓசையும் நீல நிறப் பொறியும் தெரியும்.

மண்ணுக்குள் செல்லும் கேபிள்

வேலியில் மிகவும் தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியாத பகுதியே. கருவி இருக்கும் சாலையிலிருந்து வேலிவரை செல்லும் கேபிளும், வண்டி வாசலுக்கு அடியில் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குச் செல்லும் கேபிளும் மண்ணில் புதைந்திருக்கும். டிராக்டர் ஏறி இறங்கும், ஜே.சி.பி. தோண்டும், எலி கடிக்கும்.

இங்கே பலரும் செய்யும் பிழை, வீட்டு வயரிங்குக்கு உரிய வயரைப் புதைப்பதாகும். அந்த வயரின் மேலுறை 1,100 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. அதில் 7,000, 8,000 வோல்ட் செலுத்தினால் ஒரு மழைக்காலத்திலேயே உறையைத் துளைத்துக்கொண்டு மண்ணில் இறங்கும். மின்வேலிக்கென்றே இரட்டை உறையிட்ட கேபிள் கிடைக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மண்ணுக்குள் இருப்பது கெட்டதா என்பதை இரண்டு சோதனைகளால் அறியலாம்.

முதலாவது, கசிவுச் சோதனை. கருவியை நிறுத்திவிட்டுக் கேபிளின் மறுமுனையை வேலியிலிருந்து கழற்றி, எதையும் தொடாதபடி விடவும். பிறகு கருவியை ஓட்டி, இந்த முனையில் அளக்கவும். கேபிள் மட்டும் இணைந்திருக்கும் நிலையிலும் வோல்ட் இறங்கினால், மண்ணுக்குள் கசிகிறது.

இரண்டாவது, அறுப்புச் சோதனை. கருவியை முழுவதும் கழற்றிவிட வேண்டும். மறுமுனையில் மின்கேபிளையும் எர்த் கேபிளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, இந்த முனையில் இரண்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்க்கவும். சில ஓம்களே காட்டினால் கேபிள் முழுமையாக உள்ளது. முள் அசையாவிட்டால் இரண்டில் ஒன்று அறுந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் முறுக்கிய முனைகளைப் பிரித்துவிட மறக்கக் கூடாது.

டிரான்சிஸ்டர் ரேடியோ காட்டும் இடம்

வெளிநாடுகளில் வீட்டு நாய்களைத் தோட்டத்துக்குள் நிறுத்தி வைக்க, வேலியே இல்லாத ஒரு வேலி உண்டு. 1970களில் அமெரிக்காவில் தோன்றியது. தோட்டத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வயரை வளையமாகப் புதைத்து, அதில் ரேடியோ சைகையை ஓடவிடுவார்கள். நாயின் கழுத்துப்பட்டையில் உள்ள சிறு கருவி, வயருக்கு அருகில் வந்ததும் ஒலி எழுப்பும். மீறினால் சிறு அடி கொடுக்கும். அந்த வயர் அறுந்தால் மீடியம் வேவ் ரேடியோவைக் கையில் பிடித்து வயரின்மேல் நடந்து பார்ப்பது அங்கே ஒரு வழக்கம். ஒலி எங்கே மங்குகிறதோ அங்கே தோண்டுவார்கள். பழக்கிய வளர்ப்பு நாய்க்கு அது போதும். கழுத்துப்பட்டை இல்லாத தெருநாயை அது தடுக்காது. ஆனால் கோளாறு தேடும் அந்த உபாயம் நமக்கும் பயன்படும்.

பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துப் புது செல் போடுங்கள். மீடியம் வேவில் எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை வைத்து, கருவியை ஓட்டிவிட்டு, கேபிள் புதைந்த வழியே நடந்து செல்லுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ரேடியோவில் ‘டக்’ என்று கேட்கும். உறை கிழிந்து மண்ணில் பொறி பறக்கும் இடத்தில் ஓசை பலமாகும். கம்பி அறுந்திருந்தால் அதைத் தாண்டியதும் ஓசை தேய்ந்துவிடும். செல்போனில் உள்ள ரேடியோ எப்.எம். மட்டுமே பிடிக்கும், அது இதற்கு உதவாது.

ரேடியோ எடுக்குமுன் தரையைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம். புதிதாக அடித்த முளைக்குச்சி, எலி வளை, தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிய தடம் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள்.

சீர்செய்யும் முறை

தோண்டுமுன் கருவியை நிறுத்தி, பாட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். வாசலுக்கு அடியிலுள்ள கேபிள் 15, 20 அடிதான் இருக்கும். அதில் இணைப்புப் போடுவதைவிடப் புதுக் கேபிள் இழுப்பதே சிக்கனம். கேபிளைக் குழாய்க்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, இருமுனைகளையும் தரைக்கு மேலே கொண்டுவந்து கீழ்நோக்கி வளைத்துவிட்டால் மழைநீர் இறங்காது. குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் போட்டு வைத்தால், அடுத்த முறை மண்ணைத் தோண்டாமலே கேபிளை மாற்றலாம். எர்த் கேபிளுக்குத் தனிக் குழாய் வேண்டும்.

சாலையிலிருந்து வரும் நீளமான கேபிளில் இணைப்புத் தவிர்க்க முடியாததானால், இணைப்பை மண்ணுக்குள் விடக் கூடாது. அந்த இடத்தில் ஒரு குட்டைத் தூண் நட்டு, இரு முனைகளையும் மேலே ஏற்றி, மூடியுள்ள சிறு பெட்டிக்குள் கிளாம்ப் போட்டு இணைப்பது நல்லது. வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் புதைத்த இணைப்பு ஒரு மழைக்கே தண்ணீர் குடித்துவிடும்.

மேலே செல்லும் ஜி.ஐ. கம்பி அறுந்தால் இரு முனைகளையும் வெறுமனே முறுக்கி விடுவது போதாது. முறுக்கில் துரு ஏறும், மின்சாரம் தடைப்படும். முனைகளை முடிச்சிட்டு இழுத்து, அதன்மேல் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஜி.ஐ. கம்பியோடு செம்புக் கம்பியை நேரடியாக முறுக்கினால் ஈரம் பட்டு ஜி.ஐ. கம்பி அரித்துப்போகும்.

எர்த் சரியா?

கம்பி எல்லாம் சரியாக இருந்தும் அடி பலமில்லையென்றால் எர்த்தைப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று ஜி.ஐ. கம்பிகளை, ஆறடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாக அடித்து இணைத்திருக்க வேண்டும். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம், எப்போதும் ஈரம் கசியும் இடம் இதற்கு ஏற்றது. மோட்டாருக்கோ வீட்டுக்கோ உள்ள எர்த்திலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். கோடையில் வாரம் இருமுறை எர்த் கம்பிகளின் அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உயிர் விளையாட்டல்ல

எக்காரணம் கொண்டும் மின்வாரிய இணைப்பிலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. எனர்ஜைசரின் துடிப்பு உதறித் தள்ளும், நொடியில் நின்றுவிடும். 230 வோல்ட் மின்சாரமோ நிற்காமல் ஓடித் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தொட்டவர் கையை எடுக்க முடியாது. நாய்க்கு வைத்த கம்பியில் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன வீட்டுக்காரரே விழுந்து கிடந்த துயரங்கள் நம் மாநிலத்தில் நடந்துள்ளன. ஓர் ஆட்டைக் காக்கப் போய் ஓர் ஆளை இழக்கலாமா?

எனர்ஜைசர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76-க்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகள் 2023ஆம் ஆண்டு வெளியாகியுள்ளன. உடுமலை, அமராவதி பக்கம் காப்புக் காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் வேலி போடுமுன் வனத்துறையை அணுகிக் கொள்ள வேண்டும். முள்கம்பியில் மின்சாரம் விடக் கூடாது. மாட்டிக்கொண்டவர் விடுபட முடியாது. சாலையோர வேலியில் எச்சரிக்கைப் பலகைகள் கட்டாயம் தொங்க வேண்டும். இடி, மின்னல் நேரத்தில் வேலிப் பக்கம் போகக் கூடாது.

வேலி போட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பட்டிப் படலைச் சாத்துமுன் மூலைத் தூணுக்குப் போய்க் கடைசி முனைகளில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு வருவது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அன்றாடப் பழக்கமாக வேண்டும். விளக்கு எரிந்தால் அன்றிரவு பட்டியும் உறங்கும், வீடும் உறங்கும்.